மரமே கூலி கொடுத்த காலம்

நம் வளாகத்தின் காலாண்டு வரவு செலவில் லிஃப்ட் பராமரிப்பு, ஜெனரேட்டர் டீசல், தண்ணீர் லாரி என்று பெரிய தொகைகள் எல்லாம் சத்தமில்லாமல் கடந்துபோகும். கூட்டத்தில் கேள்வி எழுவது ‘தென்னை மரம் சுத்தம்’ என்ற சின்ன வரிக்குத்தான். “மரம் ஏறி இறங்க இவ்வளவா? எங்கப்பா காலத்துல ரெண்டு தேங்காய் கொடுத்து அனுப்புவாங்க” என்று யாராவது சொல்வார். அவர் சொல்வது பொய்யில்லை. அந்த இரண்டு தேங்காய் எப்படி இன்றைய ஜிபே தொகையாக மாறியது என்பதுதான் இந்தக் கட்டுரை. படித்தபின் பேரம் நிற்குமா என்று தெரியாது. எதற்காகப் பேரம் பேசுகிறோம் என்பதாவது பிடிபடும்.

மரம் ஏறுவது நம் ஊரில் மிகப் பழைய தொழில். எவ்வளவு பழையது என்றால், அதற்கு வரி போடும் அளவுக்குப் பழையது. பல்லவர், சோழர் கால ஆவணங்களில் வரும் வரிகளில் ‘ஈழம்பூட்சி’ என்று ஒன்று உண்டு. கள் இறக்குவோர் மீது விதித்தது. திருவிதாங்கூரில் இன்னும் நுணுக்கமாகப் போனார்கள். ஏணிக்கு ஒரு வரி, காலில் மாட்டும் தளைக்கு ஒரு வரி. ஏணிக்காணம், தளைக்காணம் என்று பெயர். இன்றைக்கு எலக்ட்ரீஷியனின் ஸ்பேனருக்கும் டெஸ்டருக்கும் தனித்தனியாக வரி கேட்டால் எப்படி இருக்கும், அப்படி. பிரிட்டிஷ் காலத்துச் சென்னை மாகாணத்தில் கள்ளுக்கு ‘மரவரி’ வந்தது. கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் இவ்வளவு என்று கணக்கு. ‘மரத்துக்கு எவ்வளவு’ என்று நாம் இன்று கூலி பேசுகிறோமே, அந்த அலகு சர்க்காருக்கும் அப்போதே பழகியதுதான்.

ஆனால் வீட்டுத் தென்னையில் காய் பறிக்க வந்தவருக்கு அந்தக் காலத்தில் மரக் கணக்கில் காசு போகவில்லை. காயாகத்தான் போயிற்று. மரத்துக்கு ஒரு காய், நல்ல காய்ப்பு என்றால் இரண்டு. தோப்பாக இருந்தால் பறித்த மொத்தத்தில் ஒரு பங்கு. ஊருக்கு ஊர் அளவு மாறும். பொருளாகக் கொடுப்பது என்ற முறை மட்டும் பொது. ஏறினவர் தன் பங்கைக் கோணியில் கட்டிக்கொண்டு போய்ச் சந்தையில் விற்பார், அல்லது வீட்டுக் குழம்புக்கு வைத்துக்கொள்வார்.

இந்த முறையில் ஒரு வசதி இருந்தது. யாரும் அதை வசதி என்று அப்போது நினைத்திருக்க மாட்டார்கள். தேங்காய் விலை ஏறினால் கூலியும் தானாக ஏறும். இறங்கினால் இறங்கும். “விலைவாசி ஏறிப்போச்சு, கொஞ்சம் கூடப் போட்டுக் கொடுங்க” என்று ஏறுபவர் வாசலில் நின்று கேட்க வேண்டியதில்லை. “போன தடவை இவ்வளவுதானே கொடுத்தோம்” என்று வீட்டுக்காரர் கணக்குப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதும் இல்லை.

கூலியாகப் போனது காய் மட்டும் என்று நினைத்தால் பாதிக் கதைதான். மரத்தின் கொண்டையைச் சுத்தம் செய்தால் கீழே விழுவது என்னென்ன என்று பாருங்கள்: காய்ந்த மட்டை, பச்சை ஓலை, பாளை, பன்னாடை, குரும்பை. ஓலையைக் கீற்றாக முடைந்து கூரைக்கும் பந்தலுக்கும் போட்டார்கள். ஈர்க்கைச் சீவினால் விளக்குமாறு. மட்டையும் பாளையும் வெந்நீர் அடுப்புக்கு. பன்னாடை அடுப்பு பற்றவைக்க. உரித்த தேங்காயின் கொட்டாங்குச்சி கரியாகி இஸ்திரிப் பெட்டிக்குள் போயிற்று. வீட்டுக்காரர் வேண்டாம் என்றாலும் வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது. ஆகவே மரத்தைச் சுத்தம் செய்வது செலவாகத் தெரியவில்லை. வேலைக்கான கூலியை மரமே கொடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

மற்ற மரங்களிலும் இதே கதைதான். தூங்குமூஞ்சி, வேம்பு, புளி எதுவானாலும் கிளை வெட்ட வந்தவருக்கு விறகுதான் கூலி. பெரிய மரம் என்றால் வெட்டுபவரே வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்து வெட்டிக்கொண்டு போவார். ஒவ்வொரு பேட்டையிலும் விறகுத் தொட்டி இருந்த காலம் அது. எடை போட்டு விறகு வாங்கிய நினைவு நம்மில் மூத்தவர்களுக்கு இருக்கும். 1965-இல் இண்டேன் எரிவாயு வந்தது. அடுத்த இருபது, முப்பது வருடங்களில் நகரத்துச் சமையலறைகளில் விறகு அடுப்பு மெல்ல அணைந்தது. அதோடு வெட்டிய கிளைக்கு இருந்த விலையும் போயிற்று.

இப்போது அந்தக் கணக்கு தலைகீழ். வெட்டிய கிளையை எடுத்துப்போக நாம்தான் பணம் கொடுக்கிறோம். குட்டி யானை வண்டி வாடகை, ஏற்றி இறக்க இரண்டு ஆள், போய்க் கொட்ட ஓர் இடம். நான் பார்த்த மதிப்பீடுகளில் வெட்டும் கூலிக்கும் அப்புறப்படுத்தும் செலவுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. இது நம் ஊர் ஆட்கள் கிளப்பிவிட்ட விலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப்போட்டது. மாநில அரசு அறிவித்த நிவாரணம், விழுந்த ஒரு தென்னைக்கு 600 ரூபாய். அதை வெட்டி அகற்ற இன்னொரு 500 ரூபாய். காய்த்துக்கொண்டிருந்த மரத்துக்கும் அதைக் குப்பையாக அகற்றுவதற்கும் அரசே ஏறக்குறைய ஒரே விலை போட்டது. (600 ரூபாய் போதுமா என்று பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து விவசாயிகள் கேட்ட கேள்வி வேறு. அது நியாயமான கேள்வி.)

மறுபடி தென்னைக்கு வருவோம். காய்க்கூலி காசுக்கூலியாக மாறியதற்கு நாள் நட்சத்திரம் குறித்துச் சொல்ல முடியாது. ஆனால் நகரத்தில் அந்த மாற்றத்தை முடித்துவைத்தது அடுக்குமாடி என்று சொல்லலாம். தோட்டத்தோடு இருந்த தனி வீடுகள் இடிந்து ஃபிளாட்டுகள் எழுந்தன. பில்டர்கள் பெரும்பாலும் மதில் ஓரத்துத் தென்னைகளை மட்டும் விட்டுவைத்தார்கள். 1994-இல் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்தது. வீடு அவரவருக்கு, நிலமும் தோட்டமும் மாடிப்படியும் எல்லோருக்கும் பொது. மரமும் பொது, காயும் பொது. பதினாறு வீட்டுக்கு முப்பது தேங்காயை எப்படிப் பங்கு போடுவது? ஒரு வீட்டுக்கு இரண்டு என்றால் ஏறுபவருக்கு எங்கே? இரண்டு வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை என்றால் அவர்கள் பங்கு யாருக்கு? இந்தத் தலைவலியைத் தீர்க்க எல்லா வளாகங்களும் ஒரே வழியைத்தான் கண்டுபிடித்தன. காயை நாம் வைத்துக்கொள்வோம், அவருக்கு மரத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுப்போம்.

கணக்கு எழுதச் சுலபம். வவுச்சரில் கையெழுத்து வாங்கலாம். ஆனால் அன்றோடு அந்தத் தானியங்கி ஏற்பாடு போயிற்று. காய் விலை எங்கே போனாலும் கூலி நின்ற இடத்தில் நிற்கும். யாராவது வாய் திறந்து கேட்டால்தான் ஏறும். கேட்க வேண்டியவர் ஏறுபவர். மறுக்க வேண்டிய பொறுப்பில் இருப்பவர் நம் செக்ரட்டரி. கூலிப் பேச்சு சண்டையாக மாறியது இங்கேதான்.

எவ்வளவு பின்தங்கும் என்பதற்கு நிச்சயமாகத் தெரிந்த இரண்டு எண்களைப் பார்க்கலாம். அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஆதரவு விலை 2014-இல் குவிண்டாலுக்கு 5,250 ரூபாய். 2025-இல் 11,582 ரூபாய். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் ஒரு நாள் கூலி 2014-இல் 167 ரூபாய். 2025-இல் 336 ரூபாய். தேங்காயைப் பிடித்துப் பார்த்தாலும் சரி, தரையில் நின்று மண் வெட்டும் கூலியைப் பிடித்துப் பார்த்தாலும் சரி, பதினோரு வருடத்தில் இரண்டு மடங்கு. ஆகவே 2014-இல் கொடுத்த மரக்கூலியைப் போல இரண்டு மடங்கை 2025-இல் ஒருவர் கேட்டால் அவர் விலையை ஏற்றவில்லை. நின்ற இடத்திலேயே நிற்கிறார். பழைய காய்க்கூலியே தொடர்ந்திருந்தால் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே அவர் கைக்குப் போயிருக்கும், நாமும் கவனித்திருக்க மாட்டோம்.

இதற்கிடையே ஏறுபவர்களின் எண்ணிக்கையும் குறைந்தது. 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. கள் இறக்குபவர் அதே மரத்தில் தினமும் ஏறி இறங்குவார். பையனையும் கூட அழைத்துப்போய்ப் பழக்குவார். காய் பறிப்பது ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் வேலை. தினசரி வேலை போனபின் பிள்ளைகள் ஏறக் கற்றுக்கொள்ள என்ன காரணம் இருந்தது? கள்ளுத் தடை சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. தொழில் கற்பிக்கும் ஒரு பள்ளிக்கூடம் அதோடு மூடப்பட்டது என்பது என் எண்ணம். மரம் ஏறுவதோடு ஒட்டிக்கொண்டிருந்த சாதி இழிவும் ஒரு காரணம். அடுத்த தலைமுறை அதை உதறிவிட்டுப் போனதில் தப்பே இல்லை.

ஆள் பஞ்சம் முற்றியது கேரளத்தில். தென்னையின் பெயரிலேயே இருக்கும் மாநிலத்தில் காய் பறிக்க ஆள் இல்லை, காய் மரத்திலேயே முற்றி விழுகிறது என்ற நிலை. கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம். ஜே. ஜோசஃப், அப்பச்சன் என்று அழைப்பார்கள், இதற்கு ஒரு கருவி செய்தார். மரத்தைச் சுற்றிப் பிடிக்கும் இரண்டு கம்பி வளையங்கள், ஒவ்வொன்றிலும் கால் வைக்க ஒரு மிதி. ஒரு காலைத் தூக்கி ஒரு வளையத்தை மேலே தள்ளி, அதில் எடையைப் போட்டு, அடுத்த காலைத் தூக்குவது; மாடிப்படி ஏறுவது மாதிரி. கோவையில் உட்கார்ந்துகொண்டே ஏறும் வகையும் உருவானது. கொச்சியில் தலைமையகம் கொண்ட தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஆறு நாள் பயிற்சி, கையில் ஒரு ஏறும் கருவி. அதில் பெண்களும் நிறையச் சேர்ந்தார்கள். வெறுங்காலில் தளை மாட்டி ஏறும் பரம்பரை வித்தை ஒரு வாரத்தில் கற்கக்கூடிய கைத்தொழிலாக மாறியது.

கருவி வந்தால் விலை குறையும் என்று நமக்குத் தோன்றும். குறையவில்லை. ஒவ்வொரு மரத்திலும் கருவியை மாட்டி, கழற்றி, அடுத்ததற்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பழக்கமான பரம்பரை ஆள் தளையோடு அதைவிடச் சீக்கிரம் ஏறிவிடுவார். கருவி தந்தது வேகத்தை அல்ல, ஆட்களை. கூடவே இன்னொன்றையும் தந்தது: ஏறுபவரின் உயிருக்கு ஒரு கணக்கு. வாரியத்தின் ‘கேர சுரக்‌ஷா’ விபத்துக் காப்பீட்டில் பிரீமியத்தின் பெரும்பகுதியை வாரியமே கட்டுகிறது. ஏறுபவர் கட்ட வேண்டியது சிறு தொகை. பழைய இரண்டு தேங்காய்க் கூலியில் இதற்கு இடமே இருந்ததில்லை. விழுந்தால் குடும்பம் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலம் மலிவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு செலவை யாரோ ஒருவர் வீட்டில் எழுதிவிட்டு, நம் புத்தகத்தில் எழுதாமல் விட்டோம்.

இனி நம் வளாகத்துக்கு. நம்மிடம் இருப்பது 11 தென்னை. போன முறை வந்தவரிடம் ‘ஏ’ பிளாக் பெரியவர் ஒருவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். “போன வருஷம் இதைவிடக் கம்மியாத்தானே வாங்கினே தம்பி?” அவர் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டே சொன்னார்: “ஐயா, மரம் அதேதான். நான் வர்ற தூரம்தான் கூடிப்போச்சு.”

அந்த ஒரு வரியில் மொத்த விஷயமும் இருக்கிறது. முன்பு ஏறுபவர் அதே பேட்டையில் இருந்தார், தோளில் கயிறோடு நடந்தே வந்தார். இப்போது நகரத்துக்கு வெளியே இருந்து இருபது, முப்பது கிலோமீட்டர் பைக்கில், பின்னால் ஒரு உதவியாளோடு வருகிறார். 2021-இல் சென்னையில் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியது. தோப்பில் ஒரே நாளில் ஐம்பது மரம் ஏற முடியும். நகரத்தில் இங்கே ஆறு, அங்கே நான்கு என்று போக்குவரத்து நெரிசலில் நாள் கழிகிறது. மழைக்காலத்தில் மரம் வழுக்கும்; அக்டோபர் முதல் டிசம்பர் வரை பல நாள் வேலை கிடையாது. அந்த நாட்களுக்கும் வீட்டில் சோறு வேண்டும்.

ஒரு பேச்சுக்கு எண்களை வைத்துப் பார்ப்போம். மரத்துக்கு 150 ரூபாய், நான்கு மரம் உள்ள வளாகம் என்றால் 600. பெட்ரோலுக்கு 100. உதவியாளின் அரை நாள் கூலி 350. மிச்சம் 150 ரூபாய்க்கு ஒருவர் நான்கு முறை ஐம்பது அடி உயரம் ஏறி இறங்க வேண்டும். அதே விலையில் பன்னிரண்டு மரம் என்றால் 1,800, பெட்ரோலும் உதவியாளும் அதே 450, மிச்சம் 1,350. மரத்துக்கு விலை ஒன்றுதான், ஆனால் முதல் வளாகத்துக்கு அவர் திரும்ப வரமாட்டார். “வர்றேன்னு சொல்லிட்டு வரவே இல்லை, போனையும் எடுக்கறதில்லை” என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கிறது. செலவு வருகைக்கு ஆகிறது, நாம் விலையை மரத்துக்குப் பேசுகிறோம். காய் என்ற அலகைவிட்டு மரம் என்ற அலகுக்கு வந்தது போல, இப்போது மரத்தைவிட்டு வருகை என்ற அலகுக்கு மாற வேண்டிய கட்டம். சிலர் ஏற்கெனவே மாறிவிட்டார்கள். வந்து நிற்பதற்கு ஒரு தொகை, அதற்கு மேல் மரத்துக்கு இவ்வளவு, மட்டையை அகற்றத் தனி என்று மூன்றாகப் பிரித்துச் சொல்கிறார்கள். கேட்கும்போது அதிகமாகத் தெரிந்தாலும் அதுதான் நேர்மையான விலைப்பட்டியல்.

புயல் நாள் விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016 டிசம்பர் 12 வர்தா அன்று சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அடுத்த சில நாட்களுக்கு பவர் சா வைத்திருந்தவர் சொன்னதுதான் விலை. அப்போது யாரும் மரத்துக்கு எவ்வளவு என்று கேட்கவில்லை. எப்போது வருவீர்கள் என்றுதான் கேட்டார்கள். அந்த விலையைக் கொள்ளை என்று சொன்னவர்கள் உண்டு, சிலது கொள்ளைதான். ஆனால் வருடம் முழுக்க அதே ஆளை அழைத்துக்கொண்டிருந்த வளாகங்களுக்கு அவர் முதலில் வந்தார் என்பதும் அந்த வாரத்தில் பலரும் கண்டது.

இந்தப் பேச்சில் மரத்தையே வெட்டிவிடலாம் என்ற யோசனையும் அடிக்கடி வருகிறது. கார் கண்ணாடியில் காய் விழுந்ததிலிருந்து அந்தக் குரல் பலத்திருக்கிறது. நியாயமான பயம், கார் கண்ணாடியை மாற்றலாம், குழந்தை தலையில் விழுந்தால் என்ன செய்வது? ஆனால் காய் விழுவது மரத்தின் தப்பு இல்லை, காலத்தில் பறிக்காததன் விளைவு. பூத்ததிலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு மாதத்தில் காய் முற்றும், மாதத்துக்கு ஒரு குலை வீதம் வரிசையாக வரும். காசை மிச்சம் பிடிக்க வருடத்துக்கு இரண்டு முறையாகச் சுருக்கினால் இடையில் முற்றுவது தானாக விழத்தான் செய்யும். வந்தவரிடம் “அடுத்த தடவை லேட்டா வந்தா போதும், எல்லா ஓலையையும் மொட்டையா வெட்டிடு” என்று சொல்வதும் உதவாது. பச்சை ஓலையை வெட்டினால் மரம் நலியும். காய்ந்ததையும் தொங்குவதையும் கழித்தால் போதும்.

பராமரிப்புக் குழுவின் பரிசீலனையில் இப்போது இருப்பது இதுதான். வருடத்துக்கு நான்கு வருகை, அதில் ஒன்று கோடைக் காற்றுக்கு முன்பும் ஒன்று வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும். விலையை வருடத்துக்கு ஒரு முறை ஜனவரியில் பேசி முடிப்பது, இடையில் வாசலில் பேரம் இல்லை. பக்கத்துத் தெரு வளாகத்தையும் சேர்த்து ஒரே நாளில் அழைத்தால் வருகைச் செலவு இரண்டாகப் பிரியும். அவர்களிடம் ஒன்பது மரம் இருக்கிறது. ஏறுபவருக்குக் காப்பீடு இருக்கிறதா என்று கேட்பது, இல்லையென்றால் சேர உதவுவது. காயை முன்போல வீடுகளுக்கே பங்கு போடலாமா, அல்லது ஒரு பகுதியை அவருக்கே கொடுத்துக் காசுக்கூலியைக் குறைக்கலாமா என்பதில் குழுவுக்குள்ளேயே இரண்டு கருத்து. இன்றைய தேங்காய் விலையில் அவர் காயைத்தான் கேட்பார் என்று நான் நினைக்கிறேன். அடுத்த மாதப் பொதுக்குழுவில் ‘பி’ பிளாக் பின்புறத்து மூன்று மரங்களைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும். அவை மூன்றாம் மாடியைத் தாண்டி வளர்ந்துவிட்டன, அவற்றுக்கு மட்டும் தனி விலை கேட்கிறார்.